நெல்லும் ஆடும் உணவு கொள்ளும் முறை

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் நடைபெற்ற அறிவியல் விளக்கக் கூட்டத்தில், பணி நிறைவு பெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தாவரங்களும் விலங்குகளும் எவ்வாறு உணவு கொள்கின்றன என்பது குறித்துப் பேசுமாறு கல்விக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்று நான் நடத்திய பாடம்தான் இது. வகுப்பில் அதை மதிப்பெண்ணுக்காக நடத்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்று அந்த நெருக்கடி இல்லை. ஆகவே நம் வயலிலும், நம் வீட்டுக் கொட்டிலிலும், நம் தெருவை ஒட்டி ஓடும் கால்வாயிலும் நடப்பதை வைத்தே பேச விரும்புகிறேன். இறுதியில் ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அதை இப்போதே சொல்லிவிட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடக் கூடும் என்பதால் பிறகு சொல்கிறேன்.

முதலில் நெல்லைப் பார்ப்போம். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலுக்கு அருகே கடலில் கலக்கும் நம் தாமிரபரணி, காரும் பிசானமும் என இரு போகம் விளைவிக்கும் ஆறு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16 என்னும் குட்டைக் குண்டு நெல்லை அறியாத வீடு இப்பக்கத்தில் குறைவு. ஒரு கைப்பிடி விதை ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து நாளில் மரக்கால் மரக்காலாகப் பெருகி வீடு வருகிறது. இந்த எடை எங்கிருந்து வந்தது? விவசாயியைக் கேட்டால் மண்ணிலிருந்து என்பார். உரக்கடைக்காரரைக் கேட்டால் மூட்டையிலிருந்து என்பார். இருவர் சொல்வதிலும் ஒரு சிறு பகுதிதான் உண்மை.

பெல்ஜிய நாட்டில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் இதே கேள்வியைக் கேட்டார். இருநூறு பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, ஐந்து பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வந்தார். மரம் நூற்று அறுபத்தொன்பது பவுண்டாக வளர்ந்திருந்தது. மண்ணோ இரண்டு அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்த பிறகு, 1648இல் இச்செய்தி அச்சில் வெளிவந்தது. அவர் செய்த சோதனை சரியானது. கண்ட முடிவில் பாதி தவறு. அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டது காற்றை. 1779இல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், பச்சை இலை வெயிலில் மட்டுமே காற்றைத் தூய்மையாக்குகிறது என்று கண்டு சொன்ன பின்னரே உண்மை துலங்கத் தொடங்கியது.

இலையின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கரியமில வாயு உள்ளே நுழைகிறது. காற்றில் அந்த வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவே உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். வேர் உறிஞ்சிய நீர் தண்டின் குழாய்கள் வழியே இலைக்கு ஏறி வருகிறது. பச்சையம் சூரிய ஒளியைப் பற்றி, அதன் ஆற்றலால் நீரைப் பிளந்து, கரியமில வாயுவோடு இணைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. மீந்த ஆக்சிஜன் வெளியேறுகிறது. அந்தச் சர்க்கரையைக் கோத்துச் சங்கிலியாக்கினால் மாவுச்சத்து. அதுவே மணியில் சேர்ந்து நமக்குச் சோறாகிறது. அதே சர்க்கரையை இன்னொரு விதமாகக் கோத்தால் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள், அது வைக்கோலாகிறது. சோறும் வைக்கோலும் ஒரே செங்கல்லால் கட்டிய இரண்டு வீடுகள். செங்கல்லை இணைத்த விதம்தான் வேறு. இந்த ஒரு செய்தியை மறக்காமல் வைத்திருங்கள். ஆட்டின் வயிற்றுக்குள் போகும்போது இது தேவைப்படும்.

அப்படியானால் உரம் எதற்கு? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை எடையில் சிறியவை. ஆயினும் அவையின்றி இலை பச்சையாக இராது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தும் நெல்லால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. கொழுஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பு போன்றவற்றின் வேர் முண்டுகளில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் காற்று நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகின்றன. செடியோ அவற்றுக்குச் சர்க்கரை கொடுத்துப் பேணுகிறது. நம் முன்னோர் நடவுக்கு முன் கொழுஞ்சியை மிதித்து உழுதது இதனால்தான். நுண்ணுயிரியின் பெயர் அவர்களுக்குத் தெரியாது, வேலை தெரியும்.

நாங்குநேரிப் பக்கத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு முற்றத்து மரங்களில்கூடக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவ்வூர் மக்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சுற்று வட்டாரக் குளங்களிலும் வயல்களிலும் மீனையும் தவளையையும் உண்ட பறவைகளின் எச்சம் மரத்தடியிலும் குளத்திலும் விழுகிறது. அந்த வண்டலும் நீரும் வயலுக்குப் போகின்றன. மீனாக இருந்த நைட்ரஜன் நாரையாகி, எச்சமாகி, நெல்லாகி, நம் வட்டிலுக்கு வருகிறது. பஸ்ராவில் வாழ்ந்து கி.பி. 868ஆம் ஆண்டையொட்டி மறைந்த அல்ஜாஹிழ் என்ற அறிஞர், ஏழு பாகங்கள் கொண்ட தம் கிதாபுல் ஹயவான் என்னும் நூலில், ஓர் உயிர் மற்றொன்றைத் தேடி உண்பதையும் தானே வேறொன்றுக்கு இரையாவதையும் விரித்துப் பேசியிருக்கிறார். உணவுச் சங்கிலி என்று இன்று பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தப் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தாவரமும் உழைத்தே உண்பதில்லை. மாமரக் கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவி, மரத்தின் நீரைத் திருடித் தன் இலையில் சமைக்கிறது. மதிப்பு மிகுந்த சந்தன மரம்கூட அண்டை மரங்களின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சியே வளர்கிறது; அதனால்தான் தனியே நட்ட சந்தனக் கன்று தேறுவதில்லை. சித்த வைத்தியர்கள் அழுகண்ணி என்று சொல்லும் சிறு பூண்டு, சத்தில்லாத ஈர மண்ணில் வளர்வதால், இலையில் பனித்துளி போன்ற பசையை ஏந்தி நின்று பூச்சியைப் பிடித்துக் கரைத்து, வேண்டிய நைட்ரஜனைப் பெறுகிறது. இவற்றை மாணவர்கள் நூலில் படித்துக்கொள்வார்கள். நான் ஆட்டுக்கு வருகிறேன்.

நம் பகுதியில் கன்னி ஆடு என்று ஓர் இனம் உண்டு. கறுப்பு உடலில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செந்நிறக் கோடு இருந்தால் செங்கன்னி. நம் வீட்டுத் தாய்மார்களுக்கு ஆட்டின் வயிற்றைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குர்பானிப் பெருநாளன்று குடல் கழுவும்போது எத்தனை விதமான தோல் கையில் படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பூத்துவாலை போல் மேலெல்லாம் சிறு முளைகள் கொண்ட பெரிய பை ஒன்று. தேன்கூடு போல் அறுகோணக் கட்டம் விழுந்தது ஒன்று. புத்தகத்தின் தாள்களைப் போல் மடிப்பு மடிப்பாக இருப்பது ஒன்று. வழவழப்பாக இருப்பது ஒன்று. இந்த நான்கும் சேர்ந்ததே ஆட்டின் இரைப்பை. நான்காவதுதான் நம் இரைப்பையைப் போல் அமிலம் சுரப்பது. முன்னுள்ள மூன்றும் நமக்கு இல்லை.

வேப்பந்தழையும் அகத்தியும் உடைமரத்து நெற்றும் செல்லுலோஸ் நிறைந்தவை. அதை உடைக்கும் நொதி நம் உடலிலும் இல்லை. ஆட்டின் உடலிலும் இல்லை என்று சொன்னால் வியப்படைவீர்கள். ஆடு அவசரமாகக் கடித்து விழுங்கிய தழை முதலில் அந்தப் பெரிய பைக்குள் விழுகிறது. அங்கே காற்று இல்லை, இளஞ்சூடு உண்டு, உமிழ்நீர் ஓயாமல் வந்து சேர்கிறது. ஒரு துளியில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அவையே செல்லுலோஸை உடைத்து நொதிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் மென்மையான அமிலங்களைப் பையின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. ஆட்டுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி அதுவே. பிறகு ஆடு நிழலில் படுத்து, விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. அரைபட்ட தழை மறுபடி உள்ளே போய், நன்றாகப் பொடியான பின்னரே அடுத்த அறைக்குச் செல்ல இடம் கிடைக்கிறது. அத்தோடு பெருகிய நுண்ணுயிரிகளும் கூட்டம் கூட்டமாக நான்காம் அறைக்குச் சென்று செரிக்கப்படுகின்றன. ஆடு தழையை நுண்ணுயிரிகளுக்கு ஊட்டுகிறது. பின்பு அந்த நுண்ணுயிரிகளையே தன் புரதமாக உண்கிறது. முதன்முதலில் இதை நான் படித்தபோது இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

இங்கே என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூற வேண்டும். அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். குர்பானிக்கென்று என் வாப்பா ஒரு பால்கன்னிக் கிடாயை வாங்கி வந்து ஓராண்டு வளர்த்தார்கள். தழை ஒடித்து வருவது என் வேலை. பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் எங்கள் தெருவில் ஒரு கல்யாண விருந்து. நெய்ச்சோறு நிறைய மீந்துவிட்டது. பசித்த உயிர் நன்றாகச் சாப்பிடட்டும் என்று நினைத்து, நானே ஓர் அண்டாவை இழுத்து வந்து கிடாயின் முன் வைத்தேன். அதுவும் வாயை எடுக்காமல் தின்றது. மறுநாள் காலை வயிறு பானை போல் உப்பி, தட்டினால் தண்ணீர்க் குடம் போல் குலுங்கியது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு தலையைச் சுவரில் சாய்த்து நின்றது. அசைபோடவே இல்லை. மாலைக்குள் போய்விட்டது. கண்ணேறு பட்டுவிட்டது என்றார்கள். வாப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

என்ன நடந்தது என்பது கல்லூரியில் படித்த பிறகே புரிந்தது. தழை மெல்ல உடைவது. வெந்த சோறோ ஒரே நேரத்தில் உடைவது. மாவுச்சத்து பெரும் அளவில் வந்து விழுந்ததும், அதை விரும்பும் சில வகை நுண்ணுயிரிகள் மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகின. அவை வெளிவிடும் லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம், பையை நிறைத்தது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அந்தப் புளிப்பில் மடிந்தன. புளிப்பு மிகுந்த பை, இரத்தத்திலிருந்து நீரை உள்ளே இழுத்தது. வயிறு குலுங்கியது அந்த நீரால்தான். உடல் வறண்டு, அமிலம் இரத்தத்தில் ஏறி, ஆடு இறந்தது. சோற்றை ஆட்டுக்கு நான் ஊட்டவில்லை. தப்பான நுண்ணுயிரிக்கு ஊட்டிவிட்டேன்.

நமக்குச் சோறு ஒத்துக்கொள்வது ஏன் என்றால், நம் வாயிலேயே மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. ஒரு கவளம் வெறும் சோற்றைச் சற்று நேரம் மென்று பாருங்கள், இனிக்கும். பிறகு சிறுகுடலில் அது முழுதும் சர்க்கரையாகி உறிஞ்சப்படுகிறது. ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைத்துக்கொண்டு, நோன்பு வைத்த பகற்பொழுதில் சிறிது சிறிதாக இரத்தத்துக்கு விடுகிறது. ஆட்டின் உமிழ்நீரில் அந்த நொதி இல்லையென்றே சொல்லலாம். ஒருவருக்கு விருந்தானது மற்றவருக்கு நஞ்சாவது இப்படித்தான்.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். கல்யாணப் பருவத்தில் நம் முஹல்லாவைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். மீந்த பிரியாணியும் தால்ச்சாவும் எலும்பும் பாலித்தீன் பையில் இறுக முடிச்சிடப்பட்டுத் தெருமுனையில் கிடக்கும். ரமலானிலோ நோன்புக் கஞ்சி வாங்கி வந்த பைகள். ஆட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. உப்பும் நெய்யும் மணக்கிற பையை அப்படியே மென்று விழுங்கும். முன்பு சொன்னேன் அல்லவா, நன்றாகப் பொடியானது மட்டுமே அடுத்த அறைக்குப் போக முடியும் என்று? பாலித்தீன் பொடியாவதில்லை, அதை உடைக்க அந்தப் பைக்குள் எந்த நுண்ணுயிரியும் இல்லை. ஆகவே அது அங்கேயே தங்கி, ஒன்றோடொன்று முறுக்கிக் கயிற்றுப் பந்தாகத் திரள்கிறது. இடம் அடைபட அடைபட, ஆடு பசி எடுக்காமலே மெலிகிறது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு அவ்வாண்டு ஜனவரி முதல் நாளிலிருந்தே தமிழ்நாட்டில் தடை இருந்தது. அந்த 52 கிலோவும் தடைக்கு முன் தின்றதா, பின் தின்றதா என்பதைப் பசுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பகுதி பாளையங்கால்வாய்க்குப் போகிறது. நான் சிறுவனாக இருந்தபோது குளித்த கால்வாய் அது. இப்போது பல இடங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அதை அகற்ற வேண்டும் என்று ஆண்டுதோறும் மனுக் கொடுக்கிறோம். அதற்குச் சோறு போடுகிறவர்கள் நாம்தான் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாக்கடையிலும் அழுகிய உணவிலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் அதற்கு உரம். வயலுக்கு விலை கொடுத்து வாங்கிப் போடும் அதே சத்துகளைக் கால்வாய்க்கு இலவசமாகப் போடுகிறோம். கொட்டிய சோற்றை அழுகச் செய்யும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மேலே மூடிய ஆகாயத்தாமரை வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கிறது. மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திறந்து மூடும், பிறகு மிதக்கும். கால்வாய் முடியும் இடத்தில் குளங்கள் இருக்கின்றன, வயல்கள் இருக்கின்றன.

ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் நான் கேட்பது மூன்றே செய்திகள். நிகாஹ் பதிவுக்கு வரும் குடும்பத்தாரிடம், விருந்து நடக்கும் இடத்தில் சோற்றுக்கு ஒரு தொட்டி, எலும்புக்கும் தாளுக்கும் ஒரு தொட்டி, வாழை இலைக்கு ஓரிடம் என்று தனித்தனியே வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாழை இலையை ஆடு மாடுகள் தாராளமாகத் தின்னலாம். இலை போல் வெட்டி வரும் பளபளப்பான பேப்பர் வாழை இலை அல்ல, அதன் மேல்பூச்சு பிளாஸ்டிக். அடுத்து, நோன்புக் கஞ்சி வாங்க வருகிறவர்கள் பாத்திரம் கொண்டு வர வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நம் வாப்பாமார் காலத்தில் தூக்குச்சட்டியோடுதான் வரிசையில் நின்றோம். எவருடைய மரியாதையும் குறைந்துவிடவில்லை. மூன்றாவது, மீந்த நல்ல சோற்றை அன்று மாலைக்குள் தேவைப்படும் வீடுகளுக்குச் சேர்க்க இளைஞர்களில் நால்வர் பொறுப்பேற்க வேண்டும். ஒரே சஹனில் கூடி அமர்ந்து உண்ணும் நம் வழக்கத்தில் மீதம் குறைவு என்பதையும் சொல்லி வைக்கிறேன். பந்தியில் தனித்தனி இலை வந்த பிறகே மிச்சம் கூடிற்று என்பது என் கணிப்பு.

(உரைக்குப் பின் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளும் விடைகளும்)

ஒரு மாணவர்: ஆட்டுக்குச் சோறே கொடுக்கக் கூடாதா?

சிறிதளவு கொடுக்கலாம். வயிற்றில் தழையோ வைக்கோலோ இருக்கும்போது, ஒரு கைப்பிடியில் தொடங்க வேண்டும். எந்தப் புதுத் தீவனத்தையும் பத்துப் பதினைந்து நாட்களில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் மாறிக்கொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும். பசியோடு கட்டிப்போட்ட ஆட்டின் முன் அண்டாவை வைக்காதீர்கள். அரிசி மூட்டை, மாவு, இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி ஆகியவற்றை ஆடு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு தாய் எழுதி அனுப்பியது: தெரியாமல் நிறையத் தின்றுவிட்டால் என்ன செய்வது?

உப்பும் வரை காத்திருக்க வேண்டாம். தின்றது தெரிந்தவுடனேயே, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதைக் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். புளிப்பை முறிக்கச் சமையல் சோடாவை நீரில் கரைத்துப் புகட்டும் வழக்கம் மருத்துவத்தில் உண்டு. ஆனால் அளவு ஆட்டின் எடையைப் பொறுத்தது. தவறாகப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் சொல்லும் அளவையே கொடுங்கள். நம் நகரை அடுத்த ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. என் கிடாய்க்கு அந்த வசதி இருக்கவில்லை.